தூக்கணாங்குருவியின் குடியிருப்பு

பறவைகளுட் சில தனித்துக் கூடு கட்டுவன. சில கூட்டமாய்க் குடியமைப்பன. பின்னையவற்றுள் நமக்கு மிக அணித்தாய் உள்ளது தூக்கணாங்குருவி. வயலோரப் பனையிலும் முள்மரத்திலும் 20, 30 கூடுகள் ஒருங்கே தொங்குதலை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றின் அழகை வியக்கும் நாம், அவை அவ்விடத்தில் அமைந்தமைக்குரிய காரணத்தை ஆராய்வது அரிது. அதனை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

இடத்தை முதலில் தெரிவது ஆண் குருவியே. முள்மரமும், ஓங்கிய பனையும், நீரின்மேற் சாய்ந்த கிளையும் பகையுயிர்கள் எளிதில் அணுகவொண்ணாதன. கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கீழ்ப்பாற் கிளைகளிலேயே மிகுந்திருக்கும். தென்மேற் பருவக்காற்றுக்கு அப்பக்கம் மறைவாதலே காரணம் என்பர்.

ஆண் குருவி நெல்லிலை, புல், பனையோலை ஆகியவற்றை நாராகக் கிழித்து, ஏறத்தாழ 18 நாளிற் கூட்டை முடிக்கும். ஒரு கூட்டிற்கு 500 முறை வரையிற் பறந்து நார் கொணர்தலும் உண்டு. ஆயினும் அது ஒரே மூச்சில் கட்டி முடிப்பதன்று. தலைக்கவசத்தைக் கவிழ்த்தாற் போன்ற பாதி நிலையில் வேலையை நிறுத்திச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். அது ஏற்றுக்கொண்ட பின்னரே முட்டையறையும் நீண்ட நுழைவாயிலும் நிறைவெய்தும். ஏற்கப்படாத கூடு பாதியிலேயே நின்றுவிடும். ஒரு பெண் குடிபுகுந்தபின், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். பம்பாயை அடுத்த கிகிம் என்னும் சிற்றூரில் இவ்வொழுக்கத்தை நுணுகி நோக்கிய சலீம் அலி அவர்கள், 1931ஆம் ஆண்டில் அதனை விரித்தெழுதினார்.

பெண் எதனைக் கொண்டு தீர்ப்பளிக்கின்றது? வேலைப்பாட்டினும் இடமே அதற்குப் பெரிது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. உயரத்தில் தொங்கும் கூடுகளையே அது பெரிதும் விழைகின்றது.

கூடிவாழ்தலில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பல கண்கள் காவலிருத்தலாற் பகை விரைவில் அறியப்படும். ஆனால் அயற்கூட்டின் நாரை உருவிச் செல்லும் கள்வரும் அக்கூட்டத்தினுள்ளேயே உளர். எனினும் நல்லிடம் சிலவே ஆதலின், குருவிகள் அங்கேயே நெருங்கிக் குடியிருக்கின்றன.

அந்நல்லிடங்கள் நம் நாட்டில் அருகி வந்தமையை நாம் எண்ணுதல் வேண்டும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் வடபகுதியில் எண்ணிறந்த பனைகள் அழிந்தன. இன்று நாம் ஊன்றும் பனங்கொட்டை நெடும்பனையாவதற்கு ஒரு தலைமுறை செல்லும். கூடு பின்னும் திறன் குருவிக்கு உண்டு. மரம் வளர்த்தல் நம் கடனாகும்.