ஒரே செடியில் தக்காளியும் உருளைக்கிழங்கும்

தக்காளியும் உருளைக்கிழங்கும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவினால்தான் ஒன்றின் தண்டு மற்றொன்றின் தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இவ்வாறு ஒட்டுக்கட்டி, மேலே தக்காளியும் கீழே கிழங்கும் எடுத்துக் காட்டியுள்ளது.

நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் இதைச் செய்து பார்க்கலாம். வெப்பம் மிகுந்த சமவெளிக்கு இது ஏற்றதல்ல. இரவில் குளிர்ச்சி இல்லாவிடில் கிழங்கு சரிவரப் பிடிக்காது. மலையிலும் உறைபனிக் காலத்தைத் தவிர்க்கவேண்டும், தக்காளி கருகிவிடும்.

இரு தண்டுகளின் பருமனும் ஒத்திருப்பதே முக்கியம். முளைவிட்ட விதைக்கிழங்கை நடுவதற்குச் சுமார் பத்து நாள் முன்னதாகத் தக்காளி விதைக்கவேண்டும். இரண்டு மூன்று தவணையாக விதைத்தால் பொருத்தமான நாற்று கிடைக்கும். உருளைக்கிழங்கில் ஒரு தண்டை மட்டும் விட்டு, அதை மண்ணிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, நடுவில் 2 சென்டிமீட்டர் ஆழம் பிளக்கவேண்டும். தக்காளி நுனியை இரண்டு மூன்று இலைகளுடன் வெட்டி, அடிப்பாகத்தை ஆப்பு போல் சீவி, பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் கட்டவேண்டும். பிளேடு சுத்தமாக இருப்பது அவசியம்.

செடியைப் பாலிதீன் பையால் மூடி நிழலில் வைக்கவேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் பையைச் சிறிது சிறிதாகத் திறந்து வெயிலுக்குப் பழக்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் உருளைக்கிழங்குக் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும். மண் அணைக்கும்போது ஒட்டுப்பகுதி மூடக்கூடாது. மூடினால் தக்காளித் தண்டே வேர்விடும். தக்காளிக்குக் கொம்பு ஊன்றுவது அவசியம்.

இலைகள் தயாரிக்கும் உணவைக் காயும் கிழங்கும் பங்கிட்டுக்கொள்வதால் இரண்டிலும் முழு மகசூல் எதிர்பார்க்க முடியாது. ஒட்டுக்கட்டும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் வயலில் சாகுபடி செய்வது கட்டுப்படியாகாது. வீட்டுத் தேவைக்கே சரி. பின்பருவ இலைக்கருகல் நோய் இரு பயிரையும் தாக்கும் என்பதால் ஈரமான நாட்களில் இலைகளைக் கவனித்து வரவேண்டும்.

இன்னொன்று. இச்செடியின் தக்காளி விதை தக்காளியாகவே முளைக்கும். கிழங்கும் உருளைக்கிழங்காகவே முளைக்கும். "இரண்டும் காய்க்கும் விதை" என்று யாரேனும் விற்க வந்தால் பணம் கொடுத்து ஏமாறவேண்டாம்.

தக்காளி பறித்து முடிந்து செடி காயத் தொடங்கியதும் கிழங்கைத் தோண்டலாம். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு. அதைச் சமைக்கக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது.