ஒரு கம்பெனி கட்டிய ஊர்: ஹெர்ஷி நகரம் நமக்குச் சொல்வது



நம் கடைகளில் ஐஸ்கிரீம் மீது ஊற்றுவதற்கென்று பழுப்பு நிற சாக்லேட் சிரப் போத்தல் ஒன்று விற்பனைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் 'ஹெர்ஷீஸ்' என்று எழுதியிருக்கும். அது ஒரு மனிதரின் பெயர். அவர் நிறுவிய கம்பெனியின் பெயரும் அதுதான், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அவர் கட்டிய ஊரின் பெயரும் அதுதான். அந்த ஊரின் வரலாற்றை இம்மாதம் நாம் எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு முதலாளி ஆலையோடு சேர்த்து ஊரையும் கட்டினால், அங்கே கடை வைப்பவர், பால் ஊற்றுபவர், கூலி வாங்குபவர் ஆகியோரின் நிலை என்ன ஆகிறது என்பதை நூறு ஆண்டுக் கணக்காக அந்த ஊரில் பார்க்க முடிகிறது.

மில்டன் ஹெர்ஷி 1857-ல் பிறந்தவர். நான்காம் வகுப்பைத் தாண்டாதவர். முதலில் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்து அங்கிருந்து விலக்கப்பட்டார். பிறகு லங்காஸ்டர் என்ற ஊரில் ஒரு மிட்டாய்க் கடையில் நான்கு ஆண்டுகள் தொழில் கற்றார். 1876-ல் பிலடெல்பியாவில் சொந்தக் கடை போட்டார். ஆறு ஆண்டுகளில் கடை கவிழ்ந்தது. டென்வர் நகரத்துக்குப் போய், பசும்பால் சேர்த்து கேரமல் மிட்டாய் காய்ச்சும் பக்குவத்தைத் தெரிந்து கொண்டார். நியூயார்க்கில் மறுபடியும் கடை போட்டு, அதையும் 1886-ல் இழந்து, கையில் காசில்லாமல் ஊர் திரும்பினார். உறவினர்கள் கைவிரித்து விட்டார்கள். அப்படியும் லங்காஸ்டரில் கேரமல் காய்ச்சத் தொடங்கினார். இங்கிலாந்து இறக்குமதியாளர் ஒருவர் கொடுத்த பெரிய ஆர்டர்தான் அவரைக் கரையேற்றியது. அந்த ஆர்டர் பணம் வந்து சேரும் வரை, வங்கி அதிகாரி ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் கடனை நீட்டித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். கடன் கொடுப்பவர் ஆளைப் பார்த்துக் கொடுத்த காலம் அது.

1893-ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜெர்மனி நாட்டு சாக்லேட் எந்திரங்கள் ஓடுவதைப் பார்த்தார். பார்த்தவர் அவற்றை விலைக்கே வாங்கி வந்து விட்டார். 1900-ல் நன்றாக ஓடிக் கொண்டிருந்த கேரமல் தொழிலைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். சாக்லேட் பிரிவை மட்டும் தம்மிடம் வைத்துக் கொண்டார். பால் சாக்லேட் அன்று சுவிட்சர்லாந்திலிருந்து வரும் பணக்காரர் பண்டம். அதைச் சில்லறைக் காசுக்கு, மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

அதற்கு நாள்தோறும் ஏராளமான பால் வேண்டும். ஆகவே பால் இருக்கும் இடத்துக்கு ஆலையைக் கொண்டு போனார். தாம் பிறந்த டெர்ரி என்ற கிராமப் பகுதியில், சோளக் கொல்லைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் 1903-ல் கடைக்கால் தோண்டினார். தண்ணீர் இருந்தது, ரயில் பாதை இருந்தது, உழைக்கும் ஜனங்கள் இருந்தார்கள். ஊர் என்று ஒன்று இல்லை. 1905-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது ஊரும் கூடவே எழும்பிக் கொண்டிருந்தது.

ஊருக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினார்கள். 'ஹெர்ஷிகோகோ' என்ற பெயருக்குப் பரிசு கிடைத்தது. தபால் இலாகா அதை ஏற்காமல் போகவே, 1906-ல் வெறும் ஹெர்ஷி என்று ஆயிற்று. நல்ல வேளை என்றுதான் தோன்றுகிறது. பெரிய சாலைகள் இரண்டுக்கும் சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ என்று பெயர். மற்ற வீதிகளுக்கு ஜாவா, கராகஸ், திரினிடாட் என்று கோகோவோடு தொடர்புள்ள ஊர்களின் பெயர்கள். தொழிலாளர் வீடுகளை ஒரே அச்சில் வார்த்தது போல் வரிசையாகக் கட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். டிராம் வண்டி, பூங்கா, வங்கி, பள்ளிக்கூடம், மின்சாரம், குடிநீர் எல்லாமே வந்தன. ஊரின் பெரிய பல்பொருள் அங்காடியும் கம்பெனியைச் சேர்ந்ததே. மனை வாங்குபவருக்குப் பத்திரத்திலேயே நிபந்தனைகள் உண்டு. மதுக்கடை வைக்கக் கூடாது, பன்றி வளர்க்கக் கூடாது என்று இருக்கும். அந்த ஊருக்கென்று தனி நகராட்சியோ மேயரோ கிடையாது. இன்றும் அது டெர்ரி பகுதி நிர்வாகத்துக்கு உட்பட்டதுதான். மக்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் போய்க் கேட்க வேண்டிய இடம் கம்பெனி அலுவலகம். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படி எல்லாம் ஒரே கையில் இருக்கும் ஊரில் தனி வியாபாரி தலையெடுக்க முடியுமா என்ற கேள்வி நமக்கு எழும். ஒருவர் தலையெடுத்தார். ஹாரி ரீஸ் என்பவர் ஹெர்ஷியின் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பதினாறு பிள்ளைகளின் தகப்பன். வருமானம் போதாமல் 1923-ல் அதே ஊரில் சொந்தமாக மிட்டாய் கம்பெனி தொடங்கினார். வேர்க்கடலை வெண்ணெயை உள்ளே வைத்து மேலே சாக்லேட் பூசிய சிறு கிண்ணம் போன்ற பண்டம் 1928-ல் அவருடைய கைவண்ணம். சாக்லேட்டை ஹெர்ஷியிடமே விலைக்கு வாங்கினார். ஹெர்ஷி அவரைப் போட்டியாளராக நினைத்து நசுக்கவில்லை, வாடிக்கையாளராக வைத்துக் கொண்டார். 1963-ல் ரீஸ் கம்பெனி சுமார் 2 கோடியே 35 லட்சம் டாலர் மதிப்பில் ஹெர்ஷியோடு இணைந்தது. அந்தச் சரக்கு பின்னாளில் ஹெர்ஷியின் மிகப் பெரிய விற்பனைச் சரக்குகளில் ஒன்றாகி விட்டது.

கல்லாவில் உட்காருபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று அந்த ஐந்து சென்ட் சாக்லேட் பார். அதன் விலையைக் கம்பெனி பல பத்தாண்டுகள் ஐந்து சென்டிலேயே நிறுத்தி வைத்தது. கோகோ விலையும் சர்க்கரை விலையும் ஏறினால் பாரின் எடை குறையும். இறங்கினால் எடை கூடும். 1930-ல் 2 அவுன்சு இருந்த பார், 1968-ல் முக்கால் அவுன்சாகச் சுருங்கியிருந்தது. 1969 நவம்பரில் அந்த ஐந்து சென்ட் பாரையே கைவிட்டார்கள். இன்று பிஸ்கட் பாக்கெட்டிலும் ஷாம்பு பாக்கெட்டிலும் நாம் பார்த்துப் பழகிப் போன வித்தைதான் இது. 1970 வரை அந்தக் கம்பெனி நாடு தழுவிய அளவில் மக்களுக்கு விளம்பரம் செய்ததில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சரக்கு கடைக்காரர் பலகையில் இருந்தது, வருபவர் கண்ணில் பட்டது, அவ்வளவே.

இனி பணம் எங்கே போனது என்பதைப் பார்ப்போம். ஹெர்ஷி தம்பதியருக்குப் பிள்ளைகள் இல்லை. 1909-ல் அனாதைச் சிறுவர்களுக்காக ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார்கள். (முதலில் வெள்ளையர் சிறுவருக்கு மட்டும் என்று பத்திரம் எழுதப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு பின்னாளில் நீங்கி, பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர்.) மனைவி கேதரின் 1915-ல் காலமானார். 1918-ல் ஹெர்ஷி தம் சொத்தில் பெரும்பகுதியை, சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனிப் பங்குகளை, அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். ஐந்து ஆண்டுகள் வரை வெளியுலகுக்கு அது தெரியாது. கம்பெனியின் எஜமானன் அன்று முதல் ஒரு பள்ளிக்கூடம் என்றாயிற்று. இந்தப் பத்திரத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1930-களில் அமெரிக்காவில் பெரும் மந்தம் வந்தது. ஹெர்ஷி ஆட்குறைப்பு செய்யாமல் கட்டட வேலைகளைத் தொடங்கினார். பெரிய ஹோட்டல், சமுதாயக் கூடம், விளையாட்டு அரங்கம் எல்லாம் அப்போது எழுந்தவை. நாற்பது ஆள் வேலையைச் செய்யும் மண்வெட்டும் எந்திரத்தைக் காட்டியபோது, அதை எடுத்து விட்டு நாற்பது ஆட்களை வைக்கச் சொன்னார் என்று ஒரு கதை அந்த ஊரில் வழங்குகிறது.

இத்தனைக்குப் பிறகும் 1937 ஏப்ரல் 2-ம் தேதி ஆலைக்குள் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் வெளியே போகாமல் எந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து விட்டார்கள். சங்கத்தை அங்கீகரிப்பது, வேலை மூப்பு, ஆட்களை நிறுத்துவது ஆகியவை தகராறுக்குக் காரணம். பூங்காவும் நீச்சல் குளமும் கொடுத்தவரிடமே நியாயம் கேட்கலாமா என்று ஊரில் பாதிப் பேர் கொதித்தார்கள். கொடுத்தது வேறு, உரிமை வேறு என்பது சங்கத்தின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. சுற்று வட்டாரத்துப் பால் பண்ணைக்காரர்கள். ஆலை நின்றால் பால் வாங்க ஆளில்லை. மாட்டின் மடிக்கு வேலைநிறுத்தம் தெரியாது. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும், கறந்ததைக் கொட்டியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர்களுடைய முதல் மண்ணில் போய்க் கொண்டிருந்தது. ஏப்ரல் 7-ம் தேதி பண்ணைக்காரர்களும், வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளர்களும் திரண்டு ஊர்வலம் போய், தடிகளோடும் கற்களோடும் ஆலைக்குள் புகுந்தார்கள். உள்ளே இருந்தவர்களை அடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். இரத்தம் சிந்தியது. பூந்தோட்ட நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது.

அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே ஆலையை நம்பிப் பிழைத்தவர்கள். பண்ணைக்காரருக்கு வேறு ஒரு வாடிக்கை கையில் இருந்திருந்தால் அவர் தடியை எடுத்திருப்பாரா என்று நாம் யோசிப்பதுண்டு.

யோசிப்பதற்கு நமக்குச் சொந்த அனுபவமும் உண்டு. மொத்தக் கடையில் நாம் உட்காரத் தொடங்கிய புதிதில், ஒரு பஞ்சாலையை நம்பியிருந்த ஊருக்கு மாதா மாதம் சரக்கு அனுப்பி வந்தோம். அங்கிருந்த பதினோரு கடைக்காரர்களும் நாணயமானவர்கள். சம்பளத் தேதி முடிந்த மூன்றாம் நாள் பணம் வந்து விடும். ஆகவே கடனைக் கூட்டிக் கொண்டே போனோம். ஆலைக் கதவு ஒரு தீபாவளிக்கு முன் சாத்தப்பட்டது. கடைக்காரர் யாரும் நம்மை ஏமாற்றவில்லை, அவர்களுக்கு வர வேண்டியது வரவில்லை. நான்கு பேர் கடையை மூடினார்கள். அந்தப் பேரேட்டை நாம் இன்னும் தூக்கிப் போடவில்லை. பதினோரு பெயர் எழுதியிருந்தாலும் கடன் கொடுத்தது ஒரே ஆளுக்குத்தான் என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை.

ஹெர்ஷி 1945-ல் காலமானார். கியூபாவில் 1916 முதல் அவர் கட்டிய சர்க்கரை ஆலையும், தொழிலாளர் குடியிருப்பும், மின்சார ரயிலும் அடுத்த ஆண்டே விற்கப்பட்டன. அங்கேயும் ஊருக்கு ஹெர்ஷி என்றே பெயர். கை மாறி, பிறகு அரசுடைமையாகி, 2002-ல் அந்தச் சர்க்கரை ஆலை மூடப்பட்டது.

அதே 2002-ல் பென்சில்வேனியா ஹெர்ஷிக்கும் கண்டம் வந்தது. அவ்வாண்டு கோடையில் 44 நாள் வேலைநிறுத்தம் ஒன்று முடிந்திருந்தது. மருத்துவக் காப்புறுதிச் செலவில் தொழிலாளர் பங்கு எவ்வளவு என்பதுதான் தகராறு. முடிந்த சில வாரங்களில், அறக்கட்டளை கம்பெனியை விற்கப் போகிறது என்ற செய்தி வெளியானது. பள்ளியின் சொத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிப் பங்கில் கிடப்பது ஆபத்து, அதைப் பிரித்துப் போட வேண்டும் என்பது அறங்காவலர் சொன்ன காரணம். கணக்குப் பார்த்தால் அதில் தப்பு இல்லை, நாமே மேலே சொன்னது அதுதானே! ஆனால் ஊர் ஜனங்கள் தெருவுக்கு வந்து விட்டார்கள். தொழிலாளி, ஓய்வு பெற்றவர், கடைக்காரர், பள்ளியின் பழைய மாணவர் எல்லோரும் ஒரே பக்கம். 1937-ல் எதிரெதிரே நின்ற ஊர் 2002-ல் ஒரே வரிசையில் நின்றது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போய் விற்பனைக்குத் தடை வாங்கினார். ரிக்லி என்ற சூயிங்கம் கம்பெனி 1250 கோடி டாலர் தர முன்வந்தது. செப்டம்பரில் அறங்காவலர் குழு அதை மறுத்து, விற்கும் யோசனையையே கைவிட்டது. கம்பெனியின் வாக்குரிமையில் சுமார் 77 சதவீதம் அப்போது அறக்கட்டளையிடம் இருந்தது. 1918-ல் எழுதிய பத்திரத்தின் பலம் அது.

அந்தப் பலம் இல்லாத இடங்களில் நடந்தது வேறு. இங்கிலாந்தில் கேட்பரி குடும்பத்தார் ஹெர்ஷிக்கு முன்பே 1879-ல் ஆலையை நகரத்துக்கு வெளியே கொண்டு போய், போர்ன்வில் என்ற ஊரை வளர்த்தவர்கள். அங்கே வீடுகளும் நிலமும் 1900-ல் அறக்கட்டளை வசம் போயின. கம்பெனி போகவில்லை. 2010-ல் கேட்பரியை அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கி விட்டது. ஹெர்ஷி கம்பெனியே கூட, தன் பெயர் இல்லாத ஊர்களில் தயவு பார்க்கவில்லை. கனடாவில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ், கலிபோர்னியாவில் ஓக்டேல் ஆலைகளை மூடி, மெக்சிகோவில் மான்டெர்ரே நகரில் புதிய ஆலை கட்டியது.

சொந்த ஊரிலும் சாக்லேட் அவென்யூவில் இருந்த பழைய ஆலை 2012-ல் நிறுத்தப்பட்டது. வேலை ஊரின் மேற்குப் பக்கத்து ஆலைக்கு மாற்றப்பட்டது, சில நூறு பேருக்கு வேலை போயிற்று. 2016-ல், கேட்பரியை இப்போது வைத்திருக்கும் மாண்டலீஸ் கம்பெனி சுமார் 2300 கோடி டாலருக்கு ஹெர்ஷியைக் கேட்டது. கிடைக்கவில்லை. பள்ளியில் இன்று சுமார் 2,000 ஏழைப் பிள்ளைகள் இலவசமாகத் தங்கிப் படிக்கிறார்கள். சாக்லேட் அவென்யூவில் தெரு விளக்குகள் 1963-ல் வைத்தபடியே, ஹெர்ஷியின் கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவத்தில் எரிகின்றன.