ராணியும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்

கேள்வி: இங்கிலாந்தில் வயதான தன்பாலீர்ப்பு ஆண்களுக்குக் கொரோனா காலம் எப்படி இருந்தது? அரச குடும்பத்தின் மீது அவர்களில் சிலருக்குப் பிடிப்பு ஏன்?

பதில்: 1967 ஜூலை 27 வரை அங்கே இரண்டு ஆண்கள் உறவுகொள்வது குற்றம். அன்று ராணி எலிசபெத்தின் ஒப்புதலோடு சட்டம் மாறியது. அதுவும் அரைகுறைதான்: இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மூன்றாவது ஆள் உடனிருக்கக் கூடாது என்று இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து வளர்ந்து, 1980களில் எய்ட்ஸுக்கு நண்பர்களைப் பறிகொடுத்தவர்களின் படுக்கையறைக்குள் 2020இல் மறுபடியும் சட்டம் நுழைந்தது. வேறு வீட்டில் வசிக்கும் காதலரை வீட்டுக்குள் சந்திக்கத் தடை. தனியாக வாழ்பவர் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ஜூன் 13இல் தளர்த்தினார்கள். ஒரே ஒரு வீடுதான். பிள்ளைகுட்டி இல்லாத எழுபது வயதுக்காரரை யார் சேர்த்துக்கொள்வார்? நெருக்கம் என்பது உடலுறவு மட்டுமா? கோட்டுக் காலரைச் சரிசெய்துவிடும் விரலும் அதுதானே. அதற்கு ஏங்குவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

அரச குடும்பத்தின் மீதான பிடிப்புக்கு வருவோம். 2021 ஏப்ரல் 17, வின்ட்சர் தேவாலயம். கணவர் பிலிப்பின் இறுதிச் சடங்கில் 30 பேருக்கே அனுமதி. 94 வயது ராணி கறுப்பு முகக்கவசத்துடன் தனியாக உட்கார்ந்திருந்தார். எய்ட்ஸ் காலத்தில் காதலரின் குடும்பத்தால் ஒதுக்கப்பட்டு, சவ அடக்கத்தில் ஓரமாக நின்ற ஆண்களுக்கு அந்தத் தனிமை நன்றாகவே புரியும். பிடிப்புக்கு இன்னொரு காரணம்: ராணியின் உறவினர் ஐவார் மவுன்ட்பேட்டன் 2018இல் ஜேம்ஸ் கோய்லை மணந்தபோது, ஐவாரை அழைத்துவந்தவர் அவருடைய முன்னாள் மனைவி பென்னி.