பணம் கட்டிச் செய்த இன்டர்ன்ஷிப்: சான்றிதழைப் பிடித்து வைக்க முடியுமா?

கேள்வி: நான் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் டெக்னீஷியன். என் மகளுக்கு 19 வயது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். நான்காம் செமஸ்டர் லீவில் இன்டர்ன்ஷிப் முடித்து ரிப்போர்ட் கொடுத்தால்தான் ஐந்தாம் செமஸ்டரில் 2 கிரெடிட் கிடைக்கும் என்றார்கள். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்த்தோம். நான்கு நாள் வகுப்பு எடுத்தார்கள். அப்புறம் அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவரின் கடைக்கான பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு பகுதியை இவளையே எழுத வைத்தார்கள். இப்போது சான்றிதழ் வேண்டுமானால் இன்னும் 4,000 கட்டு என்கிறார்கள். சேரும்போது வாங்கிய பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் திருப்பித் தரவில்லை. "பாதியில் போனால் 50,000 கட்டுவேன், எழுதிய புரோகிராமை வெளியே காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்" என்று மிரட்டுகிறார்கள். நான் ரயில்வேயில் ஆக்ட் அப்ரண்டிஸாக இருந்தபோது எனக்கு மாதாமாதம் ஸ்டைபண்டு கொடுத்தார்கள். என் மகள் வேலையும் செய்து, பணமும் கட்ட வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் பயிற்சி பெற்றது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டைபண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டிப் போட்டிருக்கிறது. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், ஐ.சி.எஃப். என்று உங்கள் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சட்டத்தால் தலையெடுத்தவை. உங்கள் மகள் அப்ரண்டிஸ் அல்ல, இன்டர்ன். இன்டர்னுக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் இன்டர்ன் யார் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளரின் வேலையை இவளிடம் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே இவள் ஊழியர்தான் என்று வாதாடலாம். நீதிமன்றம் பெயரைப் பார்க்காது, நடந்ததைத்தான் பார்க்கும். ஆனாலும் சில வாரச் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும்படி நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 6,500 ரூபாய் கட்டிவிட்டோமே என்று வருந்துகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்தப் பணம்தான் உங்கள் பலம். சும்மா வேலை பார்த்துக் கொடுத்த மாணவிக்கு இல்லாத தகுதி ஒன்று உங்கள் மகளுக்கு இருக்கிறது: அவள் நுகர்வோர். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தரும் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று மனு சோலங்கி வழக்கில் 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அதே தீர்ப்பு, கோச்சிங் சென்டர்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் சொன்னது. நீங்கள் பணம் கட்டிய இடம் கல்லூரி அல்ல, காசுக்குப் பயிற்சி விற்கும் நிறுவனம். விளம்பரத்தில் சான்றிதழும் சேர்த்துத்தான் 6,500 என்று இருந்து, பிறகு தனியாக 4,000 கேட்டால் அது நியாயமற்ற வணிக நடைமுறை.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரசீதின் அடியில் 'பெங்களூரு நீதிமன்ற எல்லைக்குட்பட்டது' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நுகர்வோர் தான் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மார்க் ஷீட் விஷயத்தில் அவர்களுக்குச் சொல்ல வாயே கிடையாது. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கி போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. எங்கள் வக்கீல் தொழிலிலேயே ஒரு சங்கதி உண்டு. ஃபீஸ் பாக்கி என்று கட்சிக்காரரின் கட்டுகளைத் தராமல் வைத்துக்கொண்ட ஒரு வக்கீலுக்கு, அந்த உரிமை உனக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2000இல் சொன்னது (ஆர்.டி. சக்சேனா வழக்கு). வக்கீலுக்கே இல்லாத உரிமை அம்பத்தூர் கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? மார்க் ஷீட்டை வாங்கியதற்கு வாட்ஸ்அப் செய்தி, ஒப்புகை என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். நோட்டீஸுக்குப் பிறகும் தரவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

அந்த 50,000 ரூபாய்ப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் நோட்டீஸிலேயே கேளுங்கள். பத்திரம் எதுவும் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஜயா வங்கி ஊழியர் ஒருவர் கொடுத்த 2 லட்ச ரூபாய்ப் பத்திரம் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது ஆளெடுப்புக்குச் செலவு செய்த அரசு வங்கி. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்டஈடுதான் கேட்க முடியும், எழுதிவைத்த தொகையை அப்படியே அல்ல. இங்கே பயிற்சிக்கான செலவைக் கொடுத்ததே நீங்கள். அதுவும் போக, உங்கள் மகள் பாதியில் விடவும் இல்லையே.

இனி கிரெடிட். அவசரமும் இதில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர இன்டர்ன்ஷிப், ஆக 2 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத நம் மாநிலத்தில் அதை அப்படியே நீட்ட முடியாது. உங்கள் மகளுக்குப் பொருந்துவது அவள் சேர்ந்த ஆண்டின் பல்கலைக்கழக விதிமுறை. (பொறியியல் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட்.) அந்த விதிமுறைப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பாருங்கள். கம்பெனி முத்திரை போட்ட தாள் வராவிட்டாலும் பணம் கட்டிய ரசீது, தினசரிக் குறிப்பு, டீம் லீடரோடு நடந்த மெயில், ரயில் சீசன் டிக்கெட் எல்லாமே அவள் வேலை செய்ததற்குச் சான்று. இவற்றை வைத்து வைவா நடத்தும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு மனு, அதற்கு மேல் பல்கலைக்கழக ஆம்புட்ஸ்பெர்சனுக்கு மேல்முறையீடு. இரண்டையும் மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கட்டாயமாக்கியிருக்கிறது.

அவள் எழுதிய புரோகிராம் யாருக்குச் சொந்தம்? பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஊழியரோ அப்ரண்டிஸோ வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு. இரண்டிலும் சேராதவர் எழுதினால் எழுதியவருக்கே. ஸ்டைபண்டு தராமல் தப்பிக்க 'இவள் எங்கள் ஊழியரல்ல' என்று சொல்லும் கம்பெனி, அதே மூச்சில் புரோகிராம் எங்களுடையது என்று சொல்வது கஷ்டம். ஆனால் கையெழுத்திட்ட பத்திரத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்கும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்குத்தான்.

ரிப்போர்ட்டில் தான் செய்த பகுதியை விளக்கினால் போதும். கடைக்காரரின் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எதுவும் வரக்கூடாது. ஆதாரம் சேர்க்கிறேன் என்று இப்போது பழைய பாஸ்வேர்டைப் போட்டு அவர்கள் சர்வரில் நுழைந்து நகல் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, புகார் கொடுக்கப் போன உங்கள் மகளையே எதிர்த்தரப்பாக்கிவிடும். அவளுடைய லேப்டாப்பிலும் மெயிலிலும் ஏற்கெனவே இருப்பதே தாராளம்.

நோட்டீஸ் எழுத வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு உங்கள் மகளையே பேசச் சொல்லுங்கள். 19 வயதாகிவிட்டது, மனுவில் கையெழுத்தும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.