பட்டுப் புடவை வாங்குவோர் அறிய வேண்டுவன

கலியாணப் புடவைக்கென்று ஒரு வருஷத்துச் சேமிப்பைச் செலவிடும் அங்கத்தினர், வாங்குமுன் இழையைப் பரீக்ஷித்தல் அவசியம். முந்தானைக் குஞ்சத்து இழையொன்றை நெருப்பில் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் வீசி, கரிந்த நுனி விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம்போல் எரிந்தால் செயற்கைப் பட்டு. உருகி இறுகினால் பாலியெஸ்டர். குஞ்சத்தில் தொங்குவது பாவு மாத்திரமே. ஊடையில் கலப்பிருக்கலாமாதலால், வெட்டுமுனையில் ஊடையிழை ஒன்றையும் உருவிச் சோதிக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, இழைக்கிழை பிணைக்கப்படும். இதற்குத் தறியில் இருவர் உழைக்க வேண்டும். விலை பேசுகையில் அவ்விருவர் கூலியையும் நினைக்க.

அசல் ஜரிகை, பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. பாச்சையுருண்டையும் அத்தரும் அதில் படலாகாது. புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்திற்கொருமுறை நிழலில் விரித்து மடிப்பை மாற்றுக. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அவ்விடத்தில் ஜரிகை முறியும்.