பயோடீசலும் காஸ்டிக் சோடாவும் – கடைக்காரர் அறிய வேண்டியவை

நமது கடைகளில் காஸ்டிக் சோடா வாங்குவோர் பெரும்பாலும் சோப்புப் போடுகிறவர்களும், சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்களுமே ஆவர். பொரித்த எண்ணெயிலிருந்து வீட்டிலேயே பயோடீசல் காய்ச்சிப் பார்ப்பவர்களுக்கும் இதே சரக்குதான் வேண்டும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

சமையல் எண்ணெய் டீசலைவிடக் கெட்டியானது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 200 மில்லி மெத்தனால் சேர்த்தால், எண்ணெயிலுள்ள கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். ஆனால் எண்ணெயும் மெத்தனாலும் தாமாகச் சேருவதில்லை. அவற்றைச் சேர்த்து வைக்கும் தரகர்தான் வினையூக்கி. காஸ்டிக் சோடாவோ காஸ்டிக் பொட்டாஷோ இந்த வேலையைச் செய்யும். ஆப்ப சோடாவும் வாஷிங் சோடாவும் இதற்கு உதவா. "சோடா" என்று மட்டும் கேட்பவரிடம் எந்தச் சோடா என்று கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்ட வேண்டும். ஆப்ப சோடா கேட்டவருக்குக் காஸ்டிக் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிய எண்ணெய் லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா போதும். பலமுறை காய்ந்த எண்ணெயில் புளிப்பு (அமிலம்) ஏறியிருக்கும். அது காஸ்டிக்கைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பதைச் சோதித்தறிய வேண்டும். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 1 கிராம் காஸ்டிக்கைக் கரைத்துக்கொள்வர். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து, பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை அந்தக் கரைசலைச் சேர்ப்பர். 3 மில்லி செலவானால் லிட்டருக்குக் கூடுதலாக 3 கிராம். ஆக மொத்தம் 6.5 கிராம். குறைந்தால் எண்ணெய் அப்படியே நிற்கும். கூடினால் சோப்பாகிவிடும்.

இங்கேதான் நமது பொறுப்பு வருகிறது. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். வாய் திறந்த மூடையில் கிடந்த சரக்கு எடையில் சரியாக இருக்கும், வீரியத்தில் குறைந்திருக்கும். அதை வாங்கிப்போனவர் கணக்குப்படி போட்டும் காரியம் கெடும், பழி கடைமேல் விழும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மே இதற்கு ஏற்றது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியிடும். அளக்கும் கரண்டிக்கும் இது பொருந்தும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

புளிப்பு மிக அதிகமான எண்ணெய்க்கு முதலில் கந்தக அமிலம் சேர்ப்பதுண்டு. அமிலச் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்துள்ளது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது.

மெத்தனால் கேட்டால் உரிமம் இல்லாத கடைக்காரர் மறுப்பதே சரி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். எரியும் அடுப்புள்ள சமையலறையில் அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் கேட்டவருக்குச் சொல்லி அனுப்பலாம்.

பலகாரக் கடை வைத்திருப்போர் தாங்களே காய்ச்சிப் பார்க்க முனைவதைவிட எண்ணெயை விற்றுவிடுவது மேல். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பொரிப்போர் அதற்குக் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2019 மார்ச் 1 முதல் உள்ளது. ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி வைத்துக்கொள்க. சோதனைக்கு வரும் அதிகாரி கேட்பது அதைத்தான்.