விண்டோஸுக்குள் லினக்ஸ்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

கல்லூரி நாட்களில் லினக்ஸ் பழகும் ஆசையில் என் கம்ப்யூட்டரில் அதை இன்ஸ்டால் செய்தேன். பார்ட்டிஷன் பிரிக்கும்போது தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அக்கா திருமண போட்டோக்கள் அத்தனையும் போயின. உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் உங்கள் டிஸ்க்கில் ஒரு ஃபைலை உருவாக்கி, அதையே முழு ஹார்ட் டிஸ்க்காக லினக்ஸுக்குக் காட்டும். அதை ஃபார்மட் செய்தாலும் உங்கள் டிரைவ்கள் அப்படியே இருக்கும். ஷேர்டு ஃபோல்டர் கொடுத்தால் மட்டும் கவனம் தேவை. அதிலுள்ள ஃபைல்களை லினக்ஸிலிருந்து அழிக்க முடியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஹைப்பர்-வி: விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பில் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ: 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசம். ஆனால் டவுன்லோட் செய்ய பிராட்காம் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ்: 2007ல் இன்னோடெக் வெளியிட்டது, இப்போது ஆரக்கிள் வசம் உள்ளது. ஓப்பன் சோர்ஸ். பதிவு தேவையில்லை, ஹோம் பதிப்பிலும் இயங்கும். புதியவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

ரேம் 8 ஜிபி இருந்தால் உபுண்டுவுக்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி டிஸ்க் இடமும் ஒதுக்குங்கள். மொத்தமே 4 ஜிபி என்றால் இந்த முயற்சி வேண்டாம், இரண்டுமே திணறும். இயங்க மறுத்தால், பயாஸில் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதி எனேபிள் ஆகியுள்ளதா என்று பாருங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். எதையாவது கெடுத்துவிட்டால் அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. போட்டோக்களுக்குத் தனியாக பேக்கப் எடுத்து வையுங்கள்.